பழைய குழுக்களை ஓரங்கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயில் விழாக்களுக்கும் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாக்களுக்கும் இனி பழைய மெல்லிசைக் குழுக்களைக் கூப்பிட வேண்டாம், பழைய பாடகர்களைப் போல அச்சு அசலாகப் பாடும் இளைஞர்களை ட்ராக்கோடு, அதாவது முன்பே பதிவு செய்து வைத்த பின்னணி இசையோடு, மேடையேற்றினால் போதும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். குரல் தளர்ந்தவரைப் பாடவிட்டுக் கேட்பது அவருக்கும் சங்கடம், கேட்பவர்களுக்கும் சங்கடம் என்கிறார். பெரம்பூர் பக்கம் ஆடி மாதக் கூழ் விழாக் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

குரல் தளரும் என்பது உண்மைதான். வயது ஏற ஏற மேல் ஸ்தாயி எட்டாமல் போகும், அப்புறம் மூச்சு குறையும். இளவயதில் ஒரே மூச்சில் பாடிய பல்லவியை எழுபதில் இரண்டாக உடைத்துத்தான் பாட முடியும். இதற்கு ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் என்றைக்கோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சுருதியை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்வார்கள். கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் வேலை முடிந்தது. புல்லாங்குழல்காரர் பையிலிருந்து வேறு குழலை எடுக்க வேண்டும். தபலாக்காரர் வேறு தபலாவை முன்னால் இழுத்து, சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சேர்க்க வேண்டும்.

போன ஆடிக்கு எங்கள் தெருவுக்கு வந்த குழுவின் பாடகருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சரணம் எடுக்கும் நேரத்தில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. தபலாக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், இன்னொரு சுற்று வாசித்தார். குழல்காரர் அதே பிட்டைத் திரும்ப ஊதினார். பாடகர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சரியான இடத்தில் சரணத்தைப் பிடித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை. இத்தனை வருடம் சேர்ந்து வாசித்தவர்களால் மட்டுமே முடிகிற காரியம் அது. ட்ராக்கிலும் சுருதியை இறக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாடுகிறவர் இருமினாலும் திணறினாலும் அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இளைஞர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. 2020 செப்டம்பரில் எஸ்.பி.பி. மறைந்த பிறகு அவர் நினைவாக நடக்கும் கச்சேரிகளில் சில பிள்ளைகள் பாடுவதைக் கேட்டால் கண் கலங்கத்தான் செய்கிறது. பதிவில் அவர் எங்கே சிரித்தார், எங்கே குழைந்தார் என்பது வரை அப்படியே கொண்டுவருகிறார்கள். ஆனால் எஸ்.பி.பி.யே மேடையில் அப்படிப் பாடியவர் இல்லையே! பதிவில் இல்லாத சங்கதியை, அதாவது ஒரு வரியையே கொஞ்சம் மாற்றி வளைத்துப் பாடும் நெளிவை, போடுவார், நடுவில் பேசுவார், வாசித்தவரைக் கூப்பிட்டுப் பாராட்டுவார். பாட்டு அவருடையது, அந்த உரிமை அவருக்கு இருந்தது. அவரைப் போலப் பாட வந்த பையன் ஒரு சங்கதி மாற்றினால் 'மாத்திப் பாடுறான்' என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுகிறது. பாவம், அவன் என்ன செய்வான்? ஒலிநாடாவில் இருந்ததைத் தாண்டி ஓர் அடி வைக்க அவனை நாம் விடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த எஸ்.பி.பி. முன்பு நடத்திய மெல்லிசைக் குழுவில்தான் இளையராஜாவும் பாஸ்கரும் கங்கை அமரனும் வாசித்தார்கள். மேடை அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. ஒரு லேப்டாப், இரண்டு மைக், இரண்டு பாடகர்கள் என்று விழாவை முடித்துக்கொண்டால், எங்கள் வியாசர்பாடி, பெரம்பூர் பகுதிகளில் கிடாரும் டோலக்கும் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் எங்கே போய் வாசிப்பார்கள்? பழைய குழு ஒன்று வந்தால் அதில் ஒரு இளம் பேஸ் கிடார்காரரோ ரிதம் பேட் வாசிப்பவரோ நிச்சயம் இருப்பார். வாத்தியத்தில் கை வைத்தபடியே பெரியவர்களின் கண்ணசைவுக்காகக் காத்திருப்பார். அதுதான் அவருக்குப் பாடம்.

வயதான குரலுக்கு மதிப்பில்லை என்று சினிமாக்காரர்களே நினைத்ததில்லை. 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுப் பாடலில் ஏ.ஆர். ரஹ்மான் டி.எம். சௌந்தரராஜனைப் பாட வைத்தார். அப்போது டி.எம்.எஸ்.ஸுக்கு 88 வயது. அடுத்த வருடமே எல்.ஆர். ஈஸ்வரி எழுபதைக் கடந்த வயதில் ஒரு துள்ளல் பாட்டைப் பாடினார், சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஆடினார்கள். பாட்டைக் குரலுக்கு ஏற்றபடி அமைத்தார்கள், அவ்வளவுதான். எஸ். ஜானகி 2017 அக்டோபரில் மைசூருவில் பாடி மேடைக் கச்சேரிகளுக்கு விடை சொன்னார். அது அவரே எடுத்த முடிவு. எப்போது நிறுத்துவது என்பதை அந்தக் கலைஞர்தான் சொல்ல வேண்டும், விழாக் கமிட்டி சொல்லக் கூடாது.

செலவு கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்துப் பேர் வேனில் வந்து வாசிப்பதும் மூன்று பேர் வந்து பாடுவதும் ஒரே தொகையில் முடியாது. ஆனால் இரவு முழுக்கக் கச்சேரி நடந்த காலம் போய்விட்டது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, தனி அனுமதி இல்லாமல் இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஏழு மணிக்குத் தொடங்கினால் மூன்று மணி நேரம்தான். பழைய குழுக்களுக்கு அது தாராளமாக முடிகிற வேலை. நடுவில் இரண்டு மூன்று பாட்டை இந்த இளம் பாடகர்களுக்குக் கொடுங்கள், அதே வாத்தியங்களோடு பாடட்டும். பெரியவருக்கும் ஓய்வு கிடைக்கும். போஸ்டரில் மறைந்த பாடகரின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு மேடையில் நிற்கிறவர் பெயரை மூலையில் பொடி எழுத்தில் அச்சடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

ஆடி வருகிறது. குழுவை முடிவு செய்யப்போகும் மற்ற விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். முன்பணம் கொடுக்கும்போதே பாட்டுப் பட்டியலைத் திணிக்காமல், எது இன்றைக்கு வசதியாகப் பாட வரும் என்று அவர்களையே கேளுங்கள். மேடைக்கு ஏணியைச் சாய்த்து வைக்காமல் கைப்பிடியுள்ள படிக்கட்டு போடுங்கள். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று கட்டாயம் வையுங்கள், அது இல்லாமல்தான் நல்ல பாடகர்களுக்கும் சுருதி விலகுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை