மா ஒட்டினா ஒட்டட்டும், பிள்ளை

அன்பான மகளுக்கு,

நீ செய்து அனுப்பின கறுவாப் பொல்லெயின்ர (நோர்வேக்காரர் ஈஸ்ட் போட்டுச் சுடுற இனிப்புப் பணிஸ்) படம் பாத்தன், கொம்மாவுக்கும் காட்டினன், அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாப் பாத்திட்டு "காய்ஞ்சு போய்க் கிடக்கு, பாவம் பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா. வொய்ஸ் மெசேஜில சொன்னா நீ பாதியில நிப்பாட்டிப்போட்டு வேலைக்கு ஓடிடுவாய், அதால எழுதுறன். தமிழ்ல தான் எழுதுறன், சனிக்கிழமை சனிக்கிழமை மழைக்குள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் விட்டதுக்கு ஒரு பிரயோசனம் வேணும் தானே, ஆறுதலா இருந்து வாசி.

ரெசிப்பியில ஒரு பிழையும் இல்லை. அது நோர்வேயில இந்தப் பேர்கன் குளிருக்கு எழுதின ரெசிப்பி, நீ இருக்கிறது பிரிஸ்பேன், அதுவும் டிசம்பர். இஞ்ச குசினிக்குள்ள 19, 20 பாகைக்கு மேல ஏறாது, உங்க 30க்கு மேல. அந்தக் கடதாசியை அப்பிடியே பாத்துச் செய்தா மா உன்னை நம்பாது.

நீ கப்பால அளந்தனான் எண்டு சொன்னனி. அதில தான் முதல் கரைச்சல். கப்பை மா பையுக்குள்ள விட்டு அமத்தி அள்ளினா ஒரு கப்பில 30, 40 கிராம் கூட ஏறிடும், ஆறு கப்பில எவ்வளவு எண்டு நீயே கணக்குப் பார். கடதாசியில இருக்கிற 14 டெசிலிட்டர் கிட்டத்தட்ட 850 கிராம், அவ்வளவு தான், அதைத் தராசில நிறுத்துப் போடு. இன்னொண்டு, உங்க அவுஸ்திரேலியாவில மேசைக்கரண்டி 20 மில்லி, இஞ்ச 15. நீ ரெண்டு கரண்டி கறுவா எண்டு போட்டது உண்மையில ரெண்டே முக்காலுக்குக் கிட்ட. இதெல்லாம் ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம். செல்ஃப் ரெய்சிங் மா வாங்கினனியோ? உங்கத்தக் கடையளில அது தானே முன்னுக்கு அடுக்கி வைச்சிருக்கும், அதில பேக்கிங் பவுடர் ஏற்கனவே கலந்திருக்கு, ஈஸ்ட் போடுற மாவுக்கு அது சரிவராது. ப்ரெட் ஃப்ளவர் எண்டு போட்டிருக்கிறதைப் பாத்து வாங்கு.

இப்ப குழைக்கிற விசயம். மா கையில ஒட்டுதெண்டு நீ மேல மேல மாத் தூவியிருப்பாய், எனக்குத் தெரியும், எல்லாரும் செய்யிறது தான். சீக்கெயெம் (வயசுபோன ஆக்களை வைச்சுப் பாக்கிற இடம்) குசினியில என்னோட வேலை செய்த நோர்வேக்காரக் கிழவி ஒராள் இருந்தவ, பென்சன் எடுக்கிற வயசு, கதை குறைவு, நான் மா பையில கை வைச்சாக் காணும், பையைத் தூக்கி அலுமாரிக்குள்ள வைச்சுப்போட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நிப்பா. ஒட்டினா ஒட்டட்டும் எண்ட மாதிரி ஒரு பார்வை. மெசினில போட்டுப் பத்து நிமிசம் விட்டா அந்த ஒட்டுற மா தானே சட்டியை விட்டுக் கழண்டு வரும், அதுக்குள்ள இருக்கிற குளூட்டன் எண்ட புரதம் இழுபட்டுச் சேர அவ்வளவு நேரம் வேணும், சீனியும் பட்டரும் கூடின மாவில இன்னும் ஆறுதலாத்தான் அது நடக்கும். அதுக்குத்தான் பட்டரைக் கடைசியாப் போடுறது, பாலும் மாவும் ஈஸ்டும் சீனியும் சேர்ந்து ஒரு பதத்துக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா. ஒரு துண்டு மாவை எடுத்து ரெண்டு கையாலயும் இழுத்துப் பார், கிழியாமல் வெளிச்சம் தெரியிற அளவுக்கு மெல்லிசா வந்தா நிப்பாட்டு. உன்னட்ட மெசின் இல்லையெண்டா கையில கொஞ்சம் எண்ணெய் பூசிக்கொண்டு குழை, மா மட்டும் தூவாத.

ஈஸ்ட். இஞ்ச நாங்கள் போடுறது 50 கிராம் ஈரக் கட்டி, உங்க கிடைக்கிறது காய்ஞ்சது, 12 கிராம் அதுக்குச் சமன். ஆனா நீ அதில பாதி போட்டாக் காணும். பாலை 37 பாகைக்குச் சூடாக்கு எண்டு இருக்கிறதையும் விடு, பிரிட்ஜில இருந்து எடுத்த பாலையே விடு, மெசின் சுத்தேக்க வாற சூடும் உங்கத்த வெக்கையும் போதும். ஊரில அம்மம்மா அப்பத்துக்குக் கள்ளு விட்டு மாப் புளிக்க வைப்பா, சித்திரை வெயில் எண்டால் வைக்கிற நேரத்தைக் குறைச்சுப்போடுவா, ஒரு தெர்மோமீட்டரும் இல்லை, மணத்தை வைச்சுத்தான். கள்ளுக்குள்ள இருக்கிறதும் ஈஸ்ட் தானே பிள்ளை, வெக்கைக்கு அவசரப்படுறது அதின்ர குணம். பேர்கனில ஒரு மணித்தியாலம் வைக்கிற மா உங்க அரை மணித்தியாலத்தில ரெண்டு மடங்காகிடும், நீ கடதாசியைப் பாத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் விட்டால் அது பொங்கி முடிஞ்சு இறங்கத் தொடங்கிடும், பிறகு போறணைக்குள்ள எழும்பாது. நான் எண்டால் இரவு குழைச்சு பிரிட்ஜில வைச்சிட்டுப் படுத்திடுவன், காலமை எடுத்து உருட்டுவன், ருசியும் கூட வரும், உனக்கும் வேலைக்குப் போக முதல் நேரம் கிடைக்கும்.

ஏலக்காய் தூளா வாங்காத. முழுசா வாங்கி உள்ளுக்கிருக்கிற கறுப்பு விதையை இடிச்சுப் போடு, கொஞ்சம் கரடுமுரடா இருக்கட்டும். நான் 80களின்ர கடைசியில வடக்கு நோர்வே ஃபின்மார்க் மீன் ஃபக்டரியில வேலை செய்யேக்க கோப்பி நேரத்தில ஒரு பொல்லெ தந்தவை, வாயில வைச்சாப் பாயாச மணம், அந்தப் பனிக்குள்ள ஆர் இதை இஞ்ச கொண்டு வந்தது எண்டு யோசிச்சு யோசிச்சுச் சாப்பிட்டன்.

கறுவாவை மாவுக்குள்ள கலந்தனான் எண்டு எழுதியிருக்கிறாய், அது வேண்டாம், கறுவா ஈஸ்டை அமத்திப்போடும், கிருமியைக் கொல்லுற சாமான் தானே அது. உள்ளுக்குப் பூசுற பட்டரோட மட்டும் சேர். 150 கிராம் பட்டர், அதேயளவு சீனி, ரெண்டு கரண்டி கறுவா, இஞ்சத்தக் கரண்டி கணக்கில. பட்டர் உருகக்கூடாது, குழைஞ்சால் போதும், உருகினா எல்லாம் அடியால ஓடித் தட்டில கருகும். உங்க வெக்கைக்கு உருட்டின மாவை ஒரு இருவது நிமிசம் பிரிட்ஜில வைச்சு எடு, பிறகு கத்தியால அமத்தாமல் தையல் நூலைச் சுத்திப்போட்டு இழுத்து வெட்டு, வட்டம் நசுங்காது.

கறுவா எது எண்டதும் பாக்க வேணும். சூப்பர்மாக்கெட்டில மலிவா வாறது கனக்க கசியா எண்ட சாதி, தடிச்ச பட்டை, உறைப்புக் கூட. எங்கட இலங்கைக் கறுவா மெல்லிசு, சுருட்டு மாதிரிப் பல அடுக்கா உள்ளுக்குச் சுருண்டு இருக்கும், கையாலயே நொருங்கும். கசியாவில கூமரின் எண்டு ஒண்டு கூட, அது ஈரலுக்குக் கூடாதெண்டு ஐரோப்பாவில அளவு வைச்சிருக்கினம், பேக்கரிச் சாமானுக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், பெருநாள் காலத்தில போடுற பாரம்பரியச் சாமானுக்கு 50. 2013இல டென்மார்க்கில பெரிய சண்டை நடந்தது, அங்கத்தக் கறுவாச் சுருள் வருசம் முழுக்க விக்கிறது தானே, அப்ப அதுக்கு 15 தான் எண்டு அதிகாரியள் சொல்ல, பேக்கரிக்காரர் இனிக் கறுவா மணக்காத சுருள் தான் விக்க வேணும் எண்டு கத்தினவை. இலங்கைக் கறுவாவில கூமரின் நல்லாக் குறைவு. உங்க இலங்கைக் கடையள் இருக்கும், அங்க பட்டையா வாங்கி நீயே அரை.

உன்ர ஒபிசில இது ஸ்ரீலங்கன் சாமானோ எண்டு கேட்டவை, என்ன சொல்லுறது எண்டு தெரியாமல் ஓம் எண்டு சொல்லிட்டன் எண்டு எழுதியிருந்தாய். அப்பிடிச் சொல்லாத. இது பேர்கன் பொல்லெ. ஷில்லிங்ஸ்பொல்லெ எண்டு இஞ்ச எல்லாரும் வாங்கிற அந்தப் பெரிய வட்டம், ஒரு ஷில்லிங் காசுக்கு வித்தது, 1875இல குரோணர் வந்து அந்தக் காசு போன பிறகும் பேர் மாறேல்ல. கறுவா மட்டும் இலங்கை எண்டு சொல்லலாம், அதுவும் காலி மாத்தறைப் பக்கம், யாழ்ப்பாணத்தில எங்கட வளவுகளில நான் கறுவா மரம் கண்டதில்லை. எங்கட சாமான் எண்டு கொண்டு போறதெண்டால் பயத்தம் பணியாரம் கொண்டு போ, அது எங்கட. கடன் வாங்கினதைக் கடன் எண்டு சொல்லுறதில ஒரு குறையும் இல்லை, நான் அந்தக் குசினியில வேலை செய்து சம்பளத்தோட சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தது, உனக்கும் நீ பிறந்த ஊர்ச் சாமான் தானே.

சுடுறது 225 பாகையில பத்துப் பன்னிரண்டு நிமிசம், ஃபான் போட்ட அவண் எண்டால் 200 காணும். நீ 180இல அரை மணித்தியாலம் வைச்சிருக்கிறாய், அதில தான் மிச்சமிருந்த ஈரமும் போயிட்டுது. நல்ல சூடு, குறைஞ்ச நேரம். எடுத்த உடன ஒரு மெல்லிய சீலையால மூடு.

மாஜரீன் போடலாமோ எண்டு கேட்டனி. போடலாம், இஞ்சத்தக் கடைப் பொல்லெயில கனக்க அது தான். ஆனா 2011 கடைசியில இஞ்ச பட்டர் இல்லாமல் போனது உனக்கு ஞாபகம் இருக்கும், கோடை முழுக்க மழை பெய்து மாட்டுத் தீனி பழுதாகிப் பால் குறைஞ்சு போச்சு, அதோட அந்த வருசம் எல்லாரும் மாவைக் கைவிட்டுக் கொழுப்புச் சாப்பிடுற டயட்டுக்குப் போய்ட்டினம், வெளியில இருந்து எடுக்க வரி, நத்தார் நேரம் பாத்து கடையில ராக்கை வெறுமை. சனம் சுவீடனுக்குக் கார் ஓடிப் போய் பட்டர் ஏத்திக்கொண்டு வந்தது. அந்த முறை குசினியில மாஜரீனில தான் எல்லாம் செய்தது, வயசுபோன ஆக்கள் ஒண்டும் சொல்லேல்ல, ஆனா தட்டில மிச்சம் வந்தது. பட்டரே போடு.

நத்தாருக்கு ஒபிசுக்கு ஏழு வகை பிஸ்கட்டும் செய்யப்போறன் எண்டது தேவையில்லாத வேலை. இஞ்ச ஏழு வகை எண்டு கணக்கு வைச்சுச் செய்யிற வீடுகளிலயும் இப்ப கனபேர் மூண்டோட நிக்கினம். க்ரும்காக்கெ, அந்த மெல்லிசாச் சுட்டுச் சுருட்டுறது, உன்ர ஊர் ஈரக் காத்துக்கு ஒரு மணித்தியாலத்தில தொய்ஞ்சு போயிடும், அதை விடு. எண்ணெயில அச்சைத் தோய்ச்சுப் பொரிக்கிற ரோஸெத் எங்கட அச்சுப் பலகாரம் தான், அதுவும் ஈரத்துக்கு நமர்க்கும். செரீனாகாக்கெ செய், லேசு: மா 250 கிராம், பட்டர் 150, சீனி 100, ஒரு முட்டை, ஒண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கொஞ்ச வனிலா. உருண்டை பிடிச்சுப் பிரிட்ஜில வைச்சு எடுத்து முள்ளுக்கரண்டியால அமத்தி, முட்டை வெள்ளை பூசி, வெட்டின பாதாமும் கட்டிச் சீனியை நொருக்கினதும் தூவு. இன்னொண்டு பெப்பர்காக்கெ, இஞ்சி கறுவா போட்ட நத்தார் பிஸ்கட், மாவை ஒரு இரவு வைக்க வேணும், அது எந்த வெக்கைக்கும் தாங்கும். நீ பார்னெஹாகெயில (சின்னப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தில) செய்த பெப்பர்காக்கெ வீடு, எல்லாரும் சுட்ட வீடுகளை அடுக்கி வைக்கிற பேர்கன் பெப்பர்காக்கெ நகரத்தில வைச்சது ஞாபகமோ, கூரை ஒரு பக்கம் சரிஞ்சு, அதுக்குள்ள ஆயிரம் வீட்டுக்கை உன்ரயைக் கண்டுபிடிக்கிறதுக்கு நான் பட்ட பாடு. 1991இல தொடங்கினது, 2009இல ஆரோ இரவில போய் உடைச்சுப்போட்டினம், சனம் திரும்பச் சுட்டுக்கொண்டு வந்து நிரப்பினது. போன கிழமையும் அம்மாவும் நானும் போய்ப் பாத்தம்.

சனிக்கிழமை பாதி அளவில ஒருக்காச் செய்து பார், முழு அளவில வேண்டாம். மேல்பக்கம் படம் எடுத்து அனுப்பாத, அது எல்லாருக்கும் வடிவாத்தான் வரும், ஒண்டை நடுவில கிள்ளி உள்ளுக்குப் படம் எடு, அதைப் பாத்துத்தான் நான் சொல்லலாம். தராசுக்குக் காசு அனுப்பியிருக்கிறன், ஒரு கிராம் காட்டுறதாப் பாத்து வாங்கு, அந்தக் காசுக்குச் செருப்பு வாங்கிப்போட்டு வந்து நிக்காத.

அன்புடன்
அப்பா