கணக்கில் வராத முகாம் போராட்டங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அறவழி இயக்கங்களில் 53 சதவீதமும் ஆயுத இயக்கங்களில் 26 சதவீதமும் வென்றதாகச் சொல்லும் அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் ஆய்வு, 1900 முதல் 2006 வரையிலான 323 இயக்கங்களைப் பற்றியது. ஆட்சி மாற்றம், தனிநாடு போன்ற பெரிய இலக்குகள் மட்டுமே அதில் உண்டு. இடம்பெயர்ந்தோர் முகாமில் நூறு பேர் காலிக் குடத்தோடு உட்கார்ந்தால் அது அந்தக் கணக்கில் சேராது.

அவர்கள் கேட்பதோ சலுகை அல்ல. நிவாரணப் பணிகளுக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் சர்வதேச ஸ்பியர் தரநிலைப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய். மொத்த நீரைத் தலைக்கணக்கால் வகுத்து 15 லிட்டர் என்று தாளில் காட்டிவிடலாம். வரிசையின் கடைசிக் குடத்தை யார் அளக்கிறார்கள்? புகார் வாங்குபவரே நிவாரண அட்டையும் கொடுப்பவர் என்றால் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அறிக்கையில் அது ‘புகார் இல்லை’ என்று ஏறிவிடும்! அந்த இரண்டு வேலையையும் முதலில் பிரிக்க வேண்டும்.