வேறு கவுன்சிலரிடம் போங்கள் என்பது பதிலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கவுன்சலிங் படிப்பிலிருந்து மத நம்பிக்கைக்காக ஒரு மாணவியை அமெரிக்கப் பல்கலைக்கழகம் வெளியேற்றியது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை என் மாணவிகள் வாட்ஸாப்பில் அனுப்பி, "மேடம், இது நியாயமா?" என்று கேட்டிருந்தார்கள். நான் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் கவுன்சலிங் சொல்லிக்கொடுக்கிறவள். ஞாயிறு பூசை தவறாதவள், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி தொடாதவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சாமி கும்பிடாத யாரோ எழுதியது என்று இந்தக் கடிதத்தை ஒதுக்கிவிடுவார்கள்.

கட்டுரையாளர் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். அந்த மாணவி ஜூலியா வார்ட், மிச்சிகனில் பள்ளி ஆசிரியை, பள்ளிக் கவுன்சிலர் ஆக வேண்டும் என்று 2006இல் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலையில் சேர்ந்தார். படிப்பில் கெட்டிக்காரர். 2009 ஜனவரியில் செய்முறைப் பயிற்சியில் அவருக்கு ஒதுக்கப்பட்ட நபரின் கோப்பைப் பார்த்தால், முன்பு தன்பாலின உறவு பற்றி ஆலோசனை பெற்றவர் என்று இருந்தது. இந்த முறை அவர் வந்தது மனச்சோர்வுக்காக. சந்திப்புக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது வார்ட் தன் மேற்பார்வையாளரிடம், இவரை நான் பார்க்கட்டுமா, இல்லை இப்போதே வேறொருவருக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டார். மாற்றினார்கள். அப்புறம் விசாரணை வைத்து மார்ச்சில் வெளியேற்றினார்கள். கீழ் நீதிமன்றம் 2010இல் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012 ஜனவரியில் அதை ரத்து செய்து, இதை ஜூரிதான் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. ஜூரி வரை போகவே இல்லை. அந்த டிசம்பரில் 75,000 டாலர் கொடுத்து சமரசம் பேசி முடித்துக்கொண்டார்கள். ஆகவே "வார்ட் ஜெயித்தார்" என்று கட்டுரையில் எழுதியது சரியல்ல, தோற்றார் என்றும் சொல்ல முடியாது.

மேல்முறையீட்டு நீதிபதிகளை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு, அதைக் கட்டுரை தொடவே இல்லை. பயிற்சியில் இருப்பவர் ஆளை மாற்றிவிடக் கூடாது என்று பல்கலைக்கழகம் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. சாகும் தறுவாயில் இருப்பவர் தன் சாவை விரைவுபடுத்துவது பற்றிப் பேச வந்தால், அதைக் கையாள முடியாத கவுன்சிலர் வேறொருவரிடம் அனுப்பலாம் என்று அன்றைய தொழில்நெறி விதிகளே இடம் கொடுத்திருந்தன. பிறகு ஏன் இவருக்கு மட்டும் கூடாது? நியாயமான கேள்விதான். அந்த ஓட்டையை அமெரிக்கக் கவுன்சலிங் சங்கம் 2014இல் அடைத்தது: கவுன்சிலர் தன் சொந்த மதிப்பீடுகளை மட்டும் காரணமாக வைத்து ஒருவரை வேறிடத்துக்கு அனுப்பக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து டென்னஸி மாநிலம் நேர் எதிராக, உள்ளார்ந்த கொள்கைக்கு ஒவ்வாவிட்டால் தனியார் கவுன்சிலர் மறுக்கலாம், வேறொருவரைக் கைகாட்டினால் போதும் என்று சட்டம் போட, நாஷ்வில்லில் நடக்க இருந்த 2017 மாநாட்டையே சங்கம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றிக்கொண்டது.

என் கட்சி 2014 விதியின் பக்கம்தான்.

காரணம் ரொம்ப நடைமுறையானது. ஒருவர் எதற்காக வருகிறார் என்று முதல் நாளில் தெரியவே தெரியாது. பரீட்சை பயம், தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றுதான் பிளஸ் டூ பையன் வருவான். நாலு முறை வந்து, நாம் முகம் சுளிக்கிற ஆளா என்று ஓரக்கண்ணால் பார்த்து முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். அப்போது போய் "தம்பி, இதற்கு நான் சரியான ஆள் இல்லை, இன்னொருத்தரிடம் அனுப்புகிறேன்" என்று எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் அவன் காதில் விழுவது வேறு. அனுப்புவதற்கு இன்னொருத்தர் இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. பள்ளிக்கு ஒரு கவுன்சிலர் இருந்தாலே நம் ஊரில் பெரிய விஷயம். ராத்திரி இரண்டு மணிக்கு 14416இல் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸுக்கு அழைக்கிறவரிடம், என் மதம் இதை ஏற்காது, வேறு ஆள் வரும்வரை லைனில் இருங்கள் என்றா சொல்வது?

சரி, அதற்காக மாணவியைத் துரத்திவிடலாமா என்றால், அங்கேதான் எனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் கோபம். மேற்பார்வையாளரிடம் வந்து கேட்ட பெண் அவர். ஒளித்துவைத்துக்கொண்டு உள்ளே போய் அந்த மனிதருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. பயிற்சி என்பதே அந்த இரண்டு மணி நேரத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும். ஜார்ஜியாவில் ஆகஸ்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2010இல் நடந்த ஜெனிஃபர் கீட்டன் விவகாரம் இதைவிடச் சிக்கலானது. தன்பாலின உறவு தவறு என்று கிளையண்டிடமே சொல்லி அதை மாற்ற முயல்வேன் என்று அவர் பேசியதாகப் பல்கலைக்கழகம் சொன்னது. பயிலரங்குக்குப் போ, கட்டுரைகள் படி, மாதாமாதம் எழுதிக் கொடு என்று ஒரு திருத்தத் திட்டம் போட்டு, ஊரில் தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் நடத்தும் பிரைடு ஊர்வலத்துக்கும் போய்ப் பார்க்கலாமே என்று யோசனை வேறு சொன்னார்கள். அந்தத் திட்டத்துக்கு நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை, அது சரிதான். ஆனால் ஊர்வலம்? தேர்த் திருவிழாவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாம் பக்தர்களாகிவிட்டார்களா என்ன?

வகுப்பில் நாங்கள் மூன்று நாற்காலி போடுவோம். ஒருவர் கிளையண்டாக நடிப்பார், ஒருவர் கவுன்சிலர், மூன்றாமவர் பார்த்துக் குறிப்பெடுப்பார். கிளையண்ட் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். ஒருமுறை சீட்டில் இருந்தது இது: கல்யாணம் ஆகவில்லை, இரண்டு மாதம் தள்ளிப் போயிருக்கிறது, கலைத்துவிட நினைக்கிறேன். கவுன்சிலர் நாற்காலியில் இருந்த பெண் தினமும் ஜெபமாலை சொல்கிறவள். கேட்டதும் அவள் கட்டைவிரல் தானாகப் பக்கத்து விரலில் இருந்த ஜெபமாலை மோதிரத்தைத் திருக ஆரம்பித்தது. வாயிலிருந்து வந்தது, "அந்தக் குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு?" நடிப்புதான், சீட்டில் இருந்ததைச் சொன்னவளுக்கும் அது தெரியும். ஆனாலும் "நான் வர்றேன் மேடம்" என்று எழுந்துவிட்டாள், அதற்கு மேல் அவளுக்குப் பேச வரவில்லை.

மோதிரக்காரியை நான் திட்டவில்லை. என்ன பயம் என்று கேட்டேன். "பேசாமல் இருந்தால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு வருமே" என்றாள். லேசான கேள்வி இல்லை இது, எங்கள் திருச்சபையின் அறநெறியே இதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். கருக்கலைப்பு பற்றி என் நம்பிக்கையும் அவளுடையதும் ஒன்றுதான். நான் சொன்னது இவ்வளவே: அந்தப் பெண் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, நீ கையெழுத்துப் போடவும் போவதில்லை. அதற்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 2021இல் வந்த திருத்தம் இருக்கிறது, கல்யாணம் ஆகாதவளுக்கும் அதே உரிமை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். உன் முன்னால் இருப்பவள் நேற்று சாப்பிட்டாளா, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, அந்தப் பையன் மிரட்டுகிறானா, கலைக்கச் சொல்லி அவளை யாராவது நெருக்குகிறார்களா, இதையெல்லாம் கேட்க உன் விசுவாசம் எங்கே தடுக்கிறது? வீட்டுக்குப் போய் அவளுக்காக ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல், யார் வேண்டாம் என்றார்கள். அடுத்த வாரம் அதே சீட்டை வைத்து அவளையே மறுபடி கவுன்சிலர் நாற்காலியில் உட்கார வைத்தேன். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதிரில் இருந்தவள் எழுந்து போகவில்லை.

சாமி கும்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டின பிறகு ஊரைத் தாண்டிப் போய்விட்டேன், அதனால்தான் என் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று அழுத அம்மா வேடத்துக்கு, கறுப்புச் சட்டைக் குடும்பத்துப் பையன் ஒருவன் பட்டென்று, "அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா" என்றான். அவனையும் அதே நாற்காலியில் மறுபடி உட்கார வைத்தேன். அந்த அம்மாவைத் தின்றுகொண்டிருந்தது குற்ற உணர்ச்சி. அதைத் தொடாமல் பகுத்தறிவு பேசினால் அதுவும் பிரசங்கம்தான்.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கும்போது கட்டுரையாளர் அமெரிக்காவோடு நின்றுவிட்டது எனக்கு ஆச்சரியம். 2021இல் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இது முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உத்தரவு எழுதும் முன் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். பதவியில் இருக்கும் நீதிபதி! அந்த ஜூன் 7ஆம் தேதி உத்தரவில்தான் பால் விருப்பத்தை 'மாற்றுகிற' சிகிச்சைக்குத் தடை வந்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் இரண்டு பக்கத்தையும் பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது: அரசு நடத்துகிற, அரசு பணம் கொடுக்கிற சேவையில் பால் விருப்பத்தை வைத்தோ மதத்தை வைத்தோ சாதியை வைத்தோ பாகுபாடு கூடாது, ஊரின் ஒழுக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப் போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கவும் கூடாது.

மனம் ஒப்பவே இல்லை, என் மதத்துக்குள் நின்றுதான் பேசுவேன் என்பவர்களுக்கும் இடம் இல்லாமல் இல்லை. பங்குக் கோயில்களில் திருமணத் தயாரிப்பு வகுப்பு நடக்கிறது, குடும்ப ஆலோசனை நடக்கிறது, போகிறவர்களுக்கு அங்கே என்ன சொல்வார்கள் என்பது தெரிந்தே போகிறார்கள். நேர்மையான ஏற்பாடு அது. மனநல ஆலோசனை என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே ஞானோபதேசம் நடத்துவதுதான் மோசடி, நம் ஊரில் அப்படியும் பலகைகள் தொங்குகின்றன.

என் மாணவிகளுக்குப் பதில் எழுதிவிட்டேன். உங்கள் மூலமாகக் கல்லூரிகளிடம் கேட்பது ஒன்றுதான். கவுன்சலிங் பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் ஆள் சேர்க்கும்போதே, உங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாத ஒருவர் முன்னால் உட்கார வேண்டி வரும், அப்போது எங்களிடம் வந்து சொல்லலாம், சொன்னதற்காக மார்க் குறையாது, ஆனால் ஆளைத் திருப்பி அனுப்ப அனுமதி கிடையாது என்று சேர்க்கை விளக்கக் கையேட்டில் நாலு வரி அச்சடித்துவிடுங்கள். எங்கள் துறைக் கூட்டத்தில் இதைக் கேட்டேன், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.