‘ஹோல்ட்’ என்றால் பிடி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர் பகுதியில் ‘ஹோல்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பிடி’ என ஒரே பொருள் தந்து, கப்பலில் சரக்கு அடுக்கும் அடியறைக்கும் அதிலிருந்தே பெயர் வந்ததாக எழுதியிருந்தீர்கள். கப்பல் ‘ஹோல்ட்’ வேறு சொல். குழிவு, பொந்து எனப் பொருள்படும் ‘ஹோல்’தான் அதற்கு மூலம். வினைச்சொல்லின் சாயல் படிந்து, 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் கடைசியில் ‘ட்’ ஒட்டிக்கொண்டது.

வினைச்சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. ஆங்கிலத்துக்கு உறவான பழைய மொழி கோத்தியம். 4-ஆம் நூற்றாண்டின் கோத்திய விவிலியத்தில், ஊதாரி மைந்தன் பன்றி மேய்க்க அனுப்பப்படும் இடத்தில், ‘மேய்க்க’ என்பதற்கு ‘ஹால்டன்’ என்று வருகிறது. இதே வேரில் வந்ததுதான் ஆங்கில ‘ஹோல்ட்’. ஆகவே, கண்வைத்துக் காப்பதே முதற்பொருள், கையால் பற்றுவது பின்னால் வந்தது என்று கருத இடமுண்டு. ‘பிஹோல்ட்’ என்றால் ‘பார்’ என்றானதும் அப்போது வியப்பாக இராது.

வகுப்பில் ‘பிடி’யோடு ‘கொள்’ளையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடம் பத்து லிட்டர் கொள்ளும். ஒருவர் ஒரு கருத்தைக் கொள்கிறார். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘ஹோல்ட்’தான். பதவி வகிப்பது, கூட்டம் நடத்துவது ஆகியவற்றைத் தனியே சொல்லித்தர வேண்டும்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது ‘ஐ ஆம் ஹோல்டிங் எ டிகிரி’ என்பதில். ‘பட்டம் வைத்திருக்கிறேன்’ என்ற தமிழ்த் தொடர் அவர்களை ‘இங்’ போடவைக்கிறது. பட்டம், பதவி, கருத்து போன்ற நிலைகளுக்கு ‘ஐ ஹோல்ட்’ போதும். கையில் குடை இருந்தால் ‘ஐ ஆம் ஹோல்டிங்’ சரி. இறந்தகாலம் ‘ஹெல்ட்’, ‘ஹோல்டட்’ என்று ஒரு வடிவமே இல்லை. ‘ஹோல்ட் ஆன்’ என்றால் காத்திரு, ‘ஹோல்ட் அப்’ என்றால் தாமதப்படுத்து. பின்னதற்கு ஆயுதம் காட்டிக் கொள்ளையடிப்பது என்றும் பொருள் உண்டு.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி. பள்ளியில் பிரெஞ்சு படிப்பவர்கள் ‘தெனீர்’ என்ற வினையை அறிவார்கள். அதற்கும் ‘ஹோல்ட்’ போலவே ‘பிடி’, ‘கொள்’ என்றுதான் பொருள். குடியிருப்பவரைக் குறிக்கும் ‘டெனன்ட்’ அதன் வழி வந்தது. ‘மெயின்டெயின்’ என்பதில் ‘கை’யும் ‘பிடி’யும் இருக்கின்றன. நம் துணைநிலை ஆளுநரின் பதவிப் பெயரிலுள்ள ‘லெப்டினன்ட்’ என்பதைப் பிரித்தால், இன்னொருவரின் இடத்தைக் கொண்டிருப்பவர் என்று வரும். பிரெஞ்சு வகுப்பையும் ஆங்கில வகுப்பையும் இப்படி இணைத்துச் சொல்லித்தர நம் ஊரில் முடியும். செய்யாமல் விடுவதுதான் வருத்தம்.

கப்பல் ‘ஹோல்ட்’ பற்றிய திருத்தத்தை அடுத்த மாணவர் பகுதியிலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பக்கத்தை வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டிவைக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

– ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.