என் குதிரைக்கு எதையும் ஊட்டாதீர்கள்

வன்னிப் பகுதிக் கோயில்களின் பரிபாலன சபையினருக்கும் திருமண மண்டபம் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் சுவாமி வீதியுலாவுக்கும் நீங்கள் வாடகைக்கு அழைக்கும் வெள்ளைக் குதிரையின் சொந்தக்காரன் எழுதுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன் நுவரெலியாவில் வாங்கி வவுனியாவுக்குக் கொண்டுவந்தேன். வாடகையில் எனக்கு வழக்கேதும் இல்லை. வழக்கு தீனியில்தான்.

சென்ற ஆவணியில் ஒரு கோயிலில் குதிரைக்கு மாலை போட்டார்கள். செவ்வலரி மாலை. அது கழுத்தை வளைத்து ஒரு கொத்தை இலையோடு இழுத்ததைக் கண்டதும் ஓடிப்போய் மாலையை அறுத்தெறிந்தேன். வாய்க்குள் கைவிட்டு, கடைவாயில் ஒட்டியிருந்த இலை நரம்பு வரை தோண்டி எடுத்தேன். கோயில் மாலையை அறுக்கலாமா என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். ஐயா, அலரியின் பூ, இலை, தண்டு எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. ஒரு குதிரையைச் சாய்க்க ஒரு கைப்பிடி இலை போதும். பச்சை இலை கசப்பதால் பெரும்பாலும் துப்பிவிடும். காய்ந்த சருகில் கசப்புக் குறைந்துவிடும், நஞ்சு குறையாது. அதனால் கூட்டிக் குவித்த சருகுதான் எனக்குப் பெரிய பயம். வேட்டைத் திருவிழாவில் சுவாமி ஏறும் மரக்குதிரைக்கு எந்த மாலையையும் சாத்துங்கள். அது தின்னாது.

குதிரையைக் கட்டுவதற்கு நீங்கள் காட்டும் நிழலும் அநேகமாக நந்தவனத்து ஓரந்தான். ஒரு பக்கம் செவ்வலரி, மறு பக்கம் மஞ்சள் அலரி!

"மிஞ்சிய சாப்பாட்டை மாடு தின்கிறதே, குதிரைக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். வன்னியில் மாட்டை அறியாதவர் இல்லை, வில்லங்கமே அங்கேதான். மாடு அசைபோடும் பிராணி. குதிரைக்கு இருப்பது ஒற்றை இரைப்பை, அதுவும் உடம்புக்குச் சிறியது. போதாததற்கு அதனால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

ஒரு மண்டபத்தில் நான் கைகழுவப் போன நேரத்தில், பந்தியில் மிஞ்சிய சோறு, கேசரி, லட்டு எல்லாவற்றையும் ஒரு பேசினில் கொட்டி வைத்துவிட்டார்கள். அன்பினால்தான். நள்ளிரவில் குதிரை முன்னங்காலால் நிலத்தைப் பறித்தது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, பிறகு விழுந்து புரண்டது. சாணம் இல்லை. மிருக வைத்தியர் வந்து மூக்கு வழியே குழாய் செலுத்தினார். விடியும்வரை அதை நடத்திக்கொண்டே திரிந்தேன். சோறும் இனிப்பும் அளவுக்கு மிஞ்சினால் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கிப் புளித்துவிடும். அந்தப் புளிப்பு வயிற்றோடு நிற்காது, குளம்புக்குள் அழற்சியாக இறங்கும். அப்படி நொண்டிய குதிரை பிறகு ஊர்வலம் போகாது.

இன்னொரு வீட்டில் கோழித்தீன் கொண்டுவந்தார்கள். சில கோழித்தீனில் இரத்தக்கழிச்சலுக்காக மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழி தாங்கும். குதிரைக்கோ உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போனாலே உயிராபத்து. நல்லவேளை, கிண்ணம் வாய்க்கு எட்டுமுன் தட்டிவிட்டேன். வேலியில் நிற்கும் இப்பிலிப்பில் குழையும் அப்படித்தான். ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். குதிரைக்குத் தொடர்ந்து போட்டால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். ஊமத்தை, ஆமணக்கு விதை, உண்ணிச்செடி, பூஞ்சணம் பிடித்த வைக்கோல், பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு எதுவும் கிட்ட வரக்கூடாது.

கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் மூடும் என்பார்கள். என்னுடையது எதற்கும் வாயைத் திறக்கும், அதுதான் சிக்கல். பிள்ளைகள் ஏதாவது கொடுத்தே தீருவோம் என்று நின்றால், பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகு ஒரு பிடி கொடுக்கலாம். அது குதிரைக்கு நல்ல புல். கரட் என்றால் நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். அதையும் என்னைக் கேட்டுவிட்டே கொடுங்கள்.

அடுத்த முறை அழைக்கும்போது, அலரிக்கு எட்டாத தூரத்தில், சருகைக் கூட்டி அகற்றிய நிலத்தில் ஒரு முளை அடித்து வையுங்கள். வாளி நான் கொண்டுவருவேன். தண்ணீர் மட்டும் உங்கள் கிணற்றில் அள்ளிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குதிரைக்காரன்