வீட்டு நெல்லை விற்பது குறித்து

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே பர்மாவில், பெகுவில் அனைவரும் நலம்.

அறுத்த நெல் முழுவதையும் களத்திலேயே விற்றுக் கடனை அடைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு வேண்டிய அரிசியை மாதாமாதம் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொன்னாயாம். வட்டியை மட்டும் பார்த்தால் உன் கணக்கு சரிதான். ஆனால் கார்த்திகையில் ஊரே நெல்லை விற்பதால் விலை இறங்கிக் கிடக்கும். ஆவணி, புரட்டாசியில் பயிர் இன்னும் பச்சையாக நிற்கும்போது அதே அரிசியை ஏறிய விலைக்கு வாங்க வேண்டிவரும். அந்த மாதங்களில்தான் இங்கே பலர், விளையாத நெல்லுக்கு முன்பணம் வாங்கி, வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறார்கள்.

உளுந்து இருக்கிறதே என்பாய். நெல் அறுத்த ஈரத்தில் விதைத்து மாசியில் எடுக்கும் அந்த உளுந்து பெரும்பாலும் இந்தியாவுக்குத்தான் கப்பலேறுகிறது. விலை விழுந்தால் இங்கேயே விற்றுத் தீர்க்க, நம்மைப்போல் இட்லிக்கு அரைப்பவர்கள் எத்தனை பேர்? 2017 ஆகஸ்டில் இந்திய அரசு உளுந்து இறக்குமதிக்கு உச்சவரம்பு விதித்தது. 2021-இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் வாங்குவதாக ஒப்பந்தம் போட்டார்கள் என்றாலும், டெல்லியின் ஓர் அறிவிப்பில் விலை மாறிவிடும் பயிரை நம்பி உலை வைக்க எனக்கு மனமில்லை.

இன்னொன்று, இதை அப்பாவிடம் சொல்லாதே. உளுந்துப் பணம் மொத்தமாக அவர் கைக்கு வந்து, தீமிதி வரி, மோட்டார் சைக்கிள் பழுது, கைமாற்றுக் கேட்டு வரும் பங்காளி என்று வைகாசிக்குள் கரைந்துவிடும். நெல் என் பொறுப்பு. ஒரு கூடை நெல் ஏறத்தாழ 21 கிலோ. ஆலையில் அரைத்தால் 13 கிலோ அரிசி தேறும், நொய் கோழிக்கு ஆகும். கேட்டு வருபவருக்கும் படிக் கணக்கில்தான் கொடுக்க முடியும் என்பதால் அது அவ்வளவு எளிதில் கரைவதில்லை.

ஆகவே அடுத்த அறுவடை வரை வீட்டுக்கும், விதைக்கும் வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதை விற்றுக் கடனில் கட்டச் சொல்லியிருக்கிறேன். அரிசி இருந்தாலும் ஆவணியில் எண்ணெய்க்கும் பருப்புக்கும் கைக்காசு இருக்காது; வெறும் சோறும், நப்பி என்னும் மீன் விழுதுமாகத்தான் ஓடும். நீ அனுப்பும் பணத்தை, உளுந்துக் காசு புழங்கும் மாசியில் அனுப்பாமல், ஆவணியில் என் பெயருக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா