பர்ஸில் மடித்து வைத்த சீட்டு

குன்னூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. தங்கச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் நீயே போட்டுவிடு. இங்கே மழை விட்டபாடில்லை. துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை.

மாப்பிள்ளைக்கு மேனேஜர் பதவி வந்திருக்கிறது, படிக்க ஏதாவது சொல் என்று கேட்டிருந்தாய். தளபதிகளைப் பற்றிப் படிக்கிற என் பழைய பைத்தியத்தை மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பாய். புத்தகமெல்லாம் வேண்டாம்டா. நாலே வாக்கியம் உள்ள ஒரு சீட்டு போதும்.

1944 ஜூன் 5. இரண்டாம் உலகப் போர். மறுநாள், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டு வீரர்கள் ஒன்றரை லட்சம் பேர் இறங்கவேண்டும். வானிலை மோசமென்று ஏற்கெனவே ஒரு நாள் தள்ளிப்போட்டாயிற்று. அவர்களின் தலைமைத் தளபதி, அமெரிக்கரான ஐசனாவர், ‘போகலாம்’ என்று சொல்லிவிட்டார். இனி காத்திருப்பதுதான் வேலை. அன்றைக்கு உட்கார்ந்து, தோற்றுப்போனால் வெளியிடுவதற்கென்று ஓர் அறிக்கையைப் பென்சிலால் எழுதிப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டார். தேதியை ஜூலை 5 என்று தப்பாகப் போட்டிருக்கிறார். மனுஷன் எந்த நிலையில் இருந்திருப்பார், பார்!

நாற்பது வருஷம் இலக்கணம் நடத்தியவனுக்குக் கண் போன இடம் அதிலிருக்கும் அடித்தல் திருத்தல். முதலில் ‘படைகள் திரும்பப் பெறப்பட்டன’ என்கிற மாதிரி எழுதுகிறார். அதை அடித்துவிட்டு, ‘படைகளை நான் திரும்பப் பெற்றுவிட்டேன்’ என்று மாற்றுகிறார். செயப்பாட்டு வினை போய் செய்வினை வந்துவிட்டது! அடுத்த வாக்கியத்திலும் ‘இந்த நடவடிக்கை’ என்று தொடங்கியதை அடித்து ‘என் முடிவு’ என்று ஆக்குகிறார். வீரர்கள் குறையில்லாமல் தங்கள் கடமையைச் செய்தார்கள், குற்றம் ஏதும் இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்று முடித்து, அந்தக் கடைசிச் சொற்களுக்குக் கீழே கோடு வேறு. சீட்டுக்கு வேலை வரவில்லை. அடுத்த மாதம் பர்ஸிலிருந்து எடுத்தபோது உதவியாளர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதால் நமக்குத் தெரிகிறது.

எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்ட அந்நாள் ராணுவத் தலைமைத் தளபதி மானெக்‌ஷாவைப் பற்றி நீ கேட்காமல் இருக்கமாட்டாய். 1971 ஏப்ரலில் ‘இப்போது பாகிஸ்தானோடு போருக்குப் போக முடியாது’ என்று இந்திராவிடம் மறுத்த கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் அவரே பிற்காலத்தில் சொன்னது. இந்திராவுக்கே அப்போது அவசரம் இருக்கவில்லை என்கிற வரலாற்றாசிரியர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது டிசம்பர் 16 புகைப்படம். டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானம், மேஜையில் பாகிஸ்தான் தளபதி நியாசி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் நம் கிழக்குப் படைத் தளபதி அரோரா. 93,000 பேர் சிறைப்பட்ட வெற்றி, ஆனால் ராணுவத் தலைமைத் தளபதி படத்திலேயே இல்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் உதவித் தலைமையாசிரியராக இருந்தபோது ஒரு தேர்வில் வினாத்தாள் கட்டு மாறிப் பிரிக்கப்பட்டது நினைவிருக்கிறதா? பார், இப்போதும் ‘பிரிக்கப்பட்டது’ என்றுதான் வருகிறது. பிரித்தவன் நான். விளக்கக் கடிதத்திலும் அப்படியேதான் எழுதினேன். மெமோ அலுவலக உதவியாளருக்குப் போனது. அவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

போன மாதம் ஊட்டியில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். என்னைப் பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்து, ‘சார், பாயசம் இன்னும் கொஞ்சம்’ என்று இலையில் ஊற்றச் சொன்னார். பேரன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறானாம். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதைத் தவிர மற்றெல்லாம் பேசினோம். அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் சீட்டுக் கதையை மட்டும் சொல், மெமோ கதை வேண்டாம். மழை நின்றதும் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். வரும்போது நம்மூர் கருப்பட்டி ஒரு கிலோ.

அன்புடன்,
ராமு